முதுகுக்குப் பின்னால் நெருப்பு



என் அப்பா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவர். நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, இரவு ஷிப்ட் முடிந்த தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வந்த அவருடைய பேருந்து நெடுஞ்சாலையில் தீப்பற்றியது. இயந்திரம் பேருந்தின் பின்பகுதியில் இருந்தது. முன்னால் அமர்ந்திருந்த அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிளோட்டி ஒருவர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டிய பிறகுதான் பக்கக் கண்ணாடியில் புகையைப் பார்த்தார். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கடைசி வரிசையில் உறங்கிக்கொண்டிருந்த ஓர் அக்காவுக்கு மட்டும் கையில் தீக்காயம். பேருந்து எலும்புக்கூடாகிவிட்டது.

இவ்வளவும் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரு பகுதி மட்டும் எனக்குக் கடந்த ஆண்டுதான் தெரிந்தது. இயந்திரவியல் துறையில் என் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு, சிறு விமானங்களின் இயந்திர அறையில் ஏற்படும் தீயை அறியும் கருவி என்னும் தலைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதை இரவு உணவின்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அவராகவே சொன்னார்:

"அந்த பஸ்லயும் ஒரு லைட்டு இருந்துச்சும்மா. பின்னால சூடு ஏறுனா எரியுற லைட்டு. மழை பேஞ்சா போதும், சும்மா சும்மா எரியும். ரெண்டு தடவை மெக்கானிக்கிட்ட காட்டினேன், ஒண்ணும் இல்லன்னுட்டான். அப்புறம் நான்தான் கறுப்பு டேப்பை ஒட்டி மறைச்சேன்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் என் திட்டப்பணியின் கேள்வி அன்றே மாறிவிட்டது. அதுவரை 'தீயை எப்படி விரைவாகக் கண்டுபிடிப்பது?' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். 'கண்டுபிடித்ததைச் சொல்லும் விளக்கை ஒரு மனிதன் எப்படி நம்புவான்?' என்பது அதைவிடக் கடினமான கேள்வி என்று புரிந்தது. அந்தக் கேள்விக்கு நான் கற்றுக்கொண்ட விடையை நம் சங்கத்து நண்பர்களுக்குத் தமிழில் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் கட்டும் விமானம்

விமானத்தை வீட்டில் கட்டுவதா என்று வியப்பவர்கள் இருக்கலாம். நானும் வியந்தேன். அமெரிக்காவில் இது நெடுநாள் வழக்கம். அங்கே 1953ஆம் ஆண்டு பால் போபெரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் தம்மைப் போன்ற ஆர்வலர்களைச் சேர்த்துப் பரிசோதனை விமானச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இன்று அச்சங்கத்தின் தலைமையகம் விஸ்கான்சின் மாநிலத்தின் ஓஷ்கோஷ் நகரில் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே நடக்கும் விமானத் திருவிழாவுக்கு வீட்டு வாகனக் கொட்டகையில் கட்டப்பட்ட விமானங்கள் பறந்து வந்து இறங்குகின்றன.

அந்நாட்டு விதிப்படி, விமானத்தின் பெரும்பகுதியை ஒருவர் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ தாமே கட்டியிருந்தால் அதற்குப் பரிசோதனை வகைச் சான்றிதழ் கிடைக்கும். இதைப் பேச்சுவழக்கில் '51 விழுக்காடு விதி' என்பார்கள். கட்டியவரே ஒரு பழுதுபார்ப்பவர் சான்றிதழையும் பெற்றுக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை தம் விமானத்தைத் தாமே சோதித்துக் கையெழுத்திடலாம். தொழிற்சாலை விமானங்களுக்கு உரிய பாதுகாப்பு விதிகளுக்கு இவ்விமானம் உட்பட்டதன்று என்னும் அறிவிப்பைப் பயணிக்குத் தெரியும்படி உள்ளே ஒட்டியிருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கட்டியவர், சோதிப்பவர், ஓட்டுபவர் ஆகிய மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம். இது சுதந்திரம்தான். ஆனால், ஒரு விளக்கின் மேல் டேப் ஒட்டப்பட்டால் 'இதை ஏன் ஒட்டினாய்?' என்று கேட்க இரண்டாவது ஆள் இல்லை.

தீ உணர்கருவியைப் பொருத்த வேண்டும் என்று இவர்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. தொழிற்சாலையில் செய்யப்படும் ஒற்றை பிஸ்டன் இயந்திரச் சிறு விமானங்களிலேயே பெரும்பாலானவற்றில் அக்கருவி இருப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. இயந்திரம் விமானியின் கண்ணெதிரே இருக்கிறது. புகையோ எண்ணெயோ வந்தால் முன்கண்ணாடியில் தெரியும். மூக்கே முதல் உணர்கருவி.

லாங்-ஈசி: விமானிக்குப் பின்னால் இயந்திரம்

இந்தக் காரணம் பொருந்தாத ஒரு விமானத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதன் பெயர் லாங்-ஈசி. வடிவமைத்தவர் பர்ட் ரூட்டான். 1986ஆம் ஆண்டு எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றி வந்த வாயேஜர் விமானத்தை வடிவமைத்தவரும் அவரே. லாங்-ஈசி 1979இல் முதன்முதலாகப் பறந்தது. பின்னர் அதன் வரைபடங்களை வாங்கி ஆர்வலர்கள் தத்தம் வீடுகளில் கட்டத் தொடங்கினார்கள். வரைபட விற்பனையை ரூட்டான் 1985இல் நிறுத்திவிட்டார். ஆயினும் அன்று கட்டப்பட்டவை பல இன்றும் பறக்கின்றன.

சிறிய இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால், இயந்திரமும் உந்துவிசிறியும் கடைசியில் என்பது இதன் அமைப்பு. விமானி முன்னால் சாய்ந்து அமர்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் ஒரு பயணி. பயணியின் முதுகுக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர். அச்சுவருக்கு அப்பால் இயந்திரம். காற்று முன்னிருந்து பின்னோக்கி ஓடுவதால் இயந்திரத்திலிருந்து வரும் புகை விமானியை நோக்கி வராது. வாலுக்குப் பின்னால் போய்விடும். அப்பாவின் பேருந்தும் இப்படித்தான். வானத்தில் பக்கத்தில் வந்து ஹாரன் அடிக்க மோட்டார் சைக்கிளோட்டி இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இதன் கட்டுமானப் பொருளும் கவலை தரக்கூடியது. இறக்கையின் உட்பகுதி இலேசான நுரைப்பொருள். அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை எப்பாக்சிப் பசையில் தோய்த்து ஒட்டுவார்கள். இறக்கைக்குப் பயன்படும் நுரையில் பெட்ரோல் பட்டால் அது கரைந்துவிடும். எப்பாக்சியோ வெயிலின் சூட்டுக்கே இளகக்கூடியது என்பதால் இத்தகைய விமானங்களுக்கு வெள்ளை வண்ணம் பூசச் சொல்வார்கள். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். எப்பாக்சி அதற்கு நெடுந்தொலைவு முன்பே வலுவிழந்துவிடும்.

தீ எப்படித் தொடங்குகிறது?

இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் 'சேகி தீகா ஆப்பி' என்று படித்த தீ முக்கோணம் நினைவிருக்கிறதா? எரிபொருள், காற்று, வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தீ. இயந்திர அறையில் இம்மூன்றும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோல் குளிர்காலத்திலும் ஆவியாகித் தீப்பற்றக்கூடியது. உருளைகளைக் குளிர்விக்கக் காற்று வேகமாகப் பாய்ந்துகொண்டே இருக்கும். வெப்பத்திற்கோ கழிவுக்குழாய் இருக்கிறது. அதில் செல்லும் வாயுவின் வெப்பநிலை 700 முதல் 850 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இவற்றைப் பிரித்து வைத்திருப்பவை சில குழாய்களும் சில திருகுகளும்தான்.

பழக்கமான காரணங்கள் சில. அதிர்வினால் எரிபொருள் குழாயின் இணைப்பு தளர்ந்து பெட்ரோல் கசியலாம். கழிவுக்குழாயில் விரிசல் விழுந்து, அதன் வழியே வரும் சூடான வாயு பக்கத்து ரப்பர்க் குழாயைப் பொசுக்கலாம். இயந்திர எண்ணெய் கழிவுக்குழாயில் சொட்டலாம். மின்கம்பி உராய்ந்து குறுக்குச்சுற்று ஏற்படலாம்.

ஆகவே முதல் பாதுகாப்பு, தீயை அறிவது அன்று. தீயைத் தள்ளி வைப்பது. விமானிக்கும் இயந்திரத்திற்கும் இடையே உள்ள தடுப்புச் சுவருக்கு 0.38 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடு போதுமென்று அமெரிக்க விதிகள் ஏற்றுக்கொண்டன. ஒரு பாகத்தைத் தீ துளைக்காதது என்று சொல்ல வேண்டுமானால் 1,093 பாகை செல்சியஸ் சுடரை அது 15 நிமிடம் தாங்க வேண்டும். தீயை எதிர்க்கக்கூடியது என்று சொல்ல 5 நிமிடம் தாங்கினால் போதும். இந்த நிமிடங்கள் விமானி கீழே இறங்குவதற்கானவை. தீயை அவர் தாமதமாக அறிந்தால், அந்த நிமிடங்கள் அவருக்குத் தெரியாமலேயே கழிந்துகொண்டிருக்கும். உணர்கருவியின் வேலை அந்தக் கடிகாரத்தை அவருக்குக் காட்டுவதுதான்.

அறியும் வழிகள்

பெரிய விமானங்களில் பயன்படும் முறைகளைப் படித்தபோது நான்கு வகைகள் எனக்கு முக்கியமாகப்பட்டன.

முதலாவது, ஈருலோகச் சுவிட்சு. வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டினால், சூடேறும்போது அந்தத் தகடு வளையும். நம் வீட்டு இஸ்திரிப்பெட்டியில் 'டிக்' என்று சத்தம் வருவது இதனால்தான். குறிப்பிட்ட வெப்பநிலையில் தகடு வளைந்து மின்சுற்றை மூடும், விளக்கு எரியும். எளியது, மலிவானது. ஆனால் தான் இருக்கும் புள்ளியை மட்டுமே அது அறியும்.

இரண்டாவது, வெப்பமின் இரட்டை. இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பு சூடானால் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். பழைய விமானங்களில் ஓர் இணைப்பைத் தீ படக்கூடிய இடத்திலும் மற்றொன்றை மறைவான இடத்திலும் வைத்தார்கள். இரண்டும் மெல்லச் சூடேறினால் வேறுபாடு இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஒன்று மட்டும் சட்டென்று சூடேறினால் எச்சரிக்கை வரும். அதாவது அம்முறை பார்ப்பது வெப்பத்தின் அளவை அன்று, வெப்பம் ஏறும் வேகத்தை.

மூன்றாவது, தொடர் உணர்கம்பி. மெல்லிய உலோகக் குழாய்க்குள் ஒரு கம்பி. இடையில் ஒருவகை உப்பு ஏற்றிய பீங்கான் மணிகள். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் அப்பொருளின் மின்தடை மளமளவென்று குறையும். குழாய் இயந்திரத்தைச் சுற்றி ஓடுவதால் எந்த இடத்தில் தீ வந்தாலும் தெரியும்.

நான்காவது என்னை மிகவும் கவர்ந்தது. மூடிய குழாய்க்குள் ஹீலியம் வாயுவை அடைத்து, நடுவில் ஹைட்ரஜனைத் தேக்கிய ஓர் உலோகத் தண்டை வைத்திருப்பார்கள். குழாய் முழுவதும் சூடேறினால் ஹீலியத்தின் அழுத்தம் கூடும். ஓரிடத்தில் மட்டும் கடும் தீ பட்டால் தண்டிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறி அழுத்தத்தைக் கூட்டும். இரண்டிலும் அழுத்தச் சுவிட்சு மூடிக்கொண்டு எச்சரிக்கை தரும். குழாய் விரிசல் விட்டு ஹீலியம் கசிந்துவிட்டால் என்னாகும்? இன்னொரு சுவிட்சு அழுத்தம் இல்லாததை அறிந்து, 'நான் பழுதாகிவிட்டேன்' என்று சொல்லிவிடும். தன் பழுதைத் தானே ஒப்புக்கொள்ளும் கருவி!

இவற்றைத் தவிர, சுடரின் அகச்சிவப்புக் கதிரையோ புறஊதாக் கதிரையோ பார்க்கும் ஒளி உணரிகளும் உண்டு. மூடியின் இடுக்கில் நுழையும் வெயில் அவற்றை ஏமாற்றிவிடாதபடி வடிவமைக்க வேண்டும். வீட்டுக் கூரையில் பொருத்தும் புகை உணரி இங்கே உதவாது. எண்ணெய் ஆவியும் தூசியும் வேகக் காற்றும் நிறைந்த இடத்தில் அதைக் கேட்டால் எப்போதும் புகை என்றே சொல்லும்.

வீட்டில் கட்டுபவருக்கு எது ஏற்றது? விலையையும் எடையையும் பார்த்தால் ஈருலோகச் சுவிட்சுகள் அல்லது வெப்பமின் இரட்டை. இப்போதைய மின்னணு இயந்திரக் கண்காணிப்புத் திரைகள் பலவற்றில் கூடுதலாக ஓர் உணரியை இணைத்து, எந்த அளவில் எச்சரிக்க வேண்டும் என்று நாமே குறித்து வைக்கலாம். நான் ஈருலோகச் சுவிட்சுகளையே தேர்ந்தெடுத்தேன். காரணம் எளியது: மாணவியின் பணப்பை.

எங்கள் தகரப் பெட்டி கற்பித்த பாடம்

நானும் என் தோழியும் பல்கலைக்கழகப் பட்டறையில் தகரத்தால் ஓர் இயந்திர அறை மாதிரியைச் செய்தோம். ஒரு பக்கம் காற்றூதி. மறுபக்கம் காற்று வெளியேறும் வாய். உள்ளே, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் உருளையை மின்சூடேற்றியால் சூடாக்கி வைத்தோம். தீக்குப் பதிலாக வெப்பக்காற்றுத் துப்பாக்கி. அறையின் கூரையில் ஒரு சுவிட்சு. 'சூடான காற்று மேலே போகும்' என்று ஆரம்பப்பள்ளியிலேயே படித்திருக்கிறோமல்லவா?

காற்றூதியை அணைத்து வைத்துச் சோதித்தோம். விளக்கு உடனே எரிந்தது. மகிழ்ந்தோம். காற்றூதியைப் போட்டுச் சோதித்தோம். விளக்கு எரியவே இல்லை! வெப்பக்காற்று மேலே போகவில்லை. ஊதும் காற்றோடு கலந்து நேராக வெளிவாய்க்குப் போய்விட்டது. கூரைச் சுவிட்சு குளிராகவே இருந்தது. பறக்கும் விமானத்தில் காற்றூதி எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே சுவிட்சை வைக்க வேண்டிய இடம் காற்று வெளியேறும் வாய். அறைக்குள் எங்கே தீப்பிடித்தாலும் அதன் வெப்பம் அவ்வழியாகத்தான் போக வேண்டும். எரிபொருள் குழாய்க்கும் கழிவுக்குழாய்க்கும் அருகே மேலும் ஒவ்வொன்றை வைத்தோம்.

இரண்டாம் பாடம் நாங்கள் எதிர்பாராதது. சோதனை முடிந்து சூடேற்றியையும் காற்றூதியையும் அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தீயே இல்லை! நடந்தது என்னவென்றால், காற்று நின்றதும் சூடான உருளையின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் பெட்டிக்குள் தேங்கியது. பெட்டிக்குள் வெப்பநிலை ஓடும்போது இருந்ததைவிட உயர்ந்தது. உண்மையான விமானத்திலும் இறங்கி இயந்திரத்தை நிறுத்திய பிறகு இப்படித்தான் நடக்கும். லைக்காமிங் இயந்திரங்களின் உருளைத் தலைக்கு உச்ச வரம்பு 260 பாகை செல்சியஸ். அவ்வளவு சூடு தாங்கும் உலோகம் காற்றில்லாமல் நின்றால் சுற்றியுள்ள இடம் என்னாகும்?

சுவிட்சின் வெப்பநிலையைக் குறைவாக வைத்தால் விரைவில் எச்சரிக்கும் என்று எண்ணியிருந்தோம். அப்படி வைத்தால் அது ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் எரியும். நான்காவது முறை விமானி அதைப் பார்க்கமாட்டார். பத்தாவது முறை டேப்பைத் தேடுவார்.

இதை எழுதும்போது அப்பாவின் கை என் கண்முன் வருகிறது. அவர் சோம்பேறி அல்லர், அலட்சியக்காரரும் அல்லர். பொய் சொல்லியே பழகிய ஒரு விளக்கை அவர் நம்ப மறுத்தார், அவ்வளவுதான். அவரை அப்படிப் பழக்கியது அந்த விளக்கு.

ஆகவே வழி இதுதான். முதலில் எச்சரிக்கை அளவைக் குறிக்காமல், வெளிவாயில் ஒரு வெப்பமானியை மட்டும் வைத்து, ஏறும்போதும் வெயிலில் தரையில் ஓடும்போதும் நிறுத்திய பிறகும் எவ்வளவு சூடேறுகிறது என்று பல நாள் அளந்து எழுதி வைக்க வேண்டும். அவற்றுள் மிக உயர்ந்த அளவுக்கும் மேலே போதிய இடைவெளி விட்டுச் சுவிட்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உண்மையான தீயின் வெப்பம் நூற்றுக்கணக்கான பாகை கூடுதலாக இருக்கும் என்பதால், இந்த இடைவெளியால் இழப்பது மிகக் குறைவு.

நான்கு எண்கள்

மூன்றாம் பாடம் கம்பியைப் பற்றியது. என் மேற்பார்வை விரிவுரையாளர் ஒருநாள் வந்து எங்கள் பெட்டியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கத்தரியை எடுத்துச் சுவிட்சுக்குப் போகும் கம்பியை வெட்டினார். விளக்கு எரியவில்லை. 'இப்போது உன் கருவி வேலை செய்கிறதா?' என்று கேட்டார். விளக்குக்குப் பக்கத்தில் நாங்கள் வைத்திருந்த சோதனைப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவர் சிரித்தார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்தப் பொத்தான் விளக்கை மட்டுமே சோதித்தது. கம்பி அறுந்ததை அது அறியவில்லை. இறந்துபோன கருவி, உயிரோடு இருப்பதாகச் சொன்னது. பேருந்தின் விளக்கு இல்லாத தீயைச் சொன்னது. என் விளக்கோ இருக்கும் தீயை மறைத்திருக்கும். இரண்டும் பொய்தான்.

இதற்குத் தீர்வு கட்டடங்களின் தீ எச்சரிக்கைச் சுற்றுகளில் பழைய முறைதான். சுற்றின் கடைக்கோடியில் 10,000 ஓம் மின்தடை ஒன்றை நிரந்தரமாக இணைக்க வேண்டும். ஒவ்வொரு சுவிட்சோடும் 2,200 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து, அதை அந்தக் கடைக்கோடி மின்தடைக்கு இணையாக வைக்க வேண்டும். 12 வோல்ட் மின்சாரம் இன்னொரு 10,000 ஓம் மின்தடை வழியாக இந்தச் சுற்றுக்கு வரட்டும். இப்போது சுற்றின் தொடக்கத்தில் மின்னழுத்தத்தை அளந்தால் நான்கு விடைகள் கிடைக்கும்:

6 வோல்ட் இருந்தால் எல்லாம் நலம். இரண்டு சமமான மின்தடைகள் 12 வோல்ட்டைப் பாதியாகப் பங்கிடுகின்றன.

ஏறத்தாழ 1.8 வோல்ட் இருந்தால் ஒரு சுவிட்சு மூடியிருக்கிறது; தீ. இரண்டு சுவிட்சுகள் மூடினால் 1.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். அதுவும் தீதான்.

12 வோல்ட் இருந்தால் கம்பி அறுந்துவிட்டது.

0 வோல்ட் இருந்தால் கம்பி உராய்ந்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

முதலாவதற்கு விளக்கு வேண்டாம். இரண்டாவதற்குச் சிவப்பு விளக்கும் காதில் ஒலியும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் மஞ்சள் விளக்கு. மஞ்சள் என்றால் 'நெருப்பைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் தெரியாது, என்னை நம்பாதே' என்று பொருள். மழையில் நனைந்த கம்பி அப்பாவுக்குச் சிவப்பைக் காட்டாமல் மஞ்சளைக் காட்டியிருந்தால், பழுது எங்கே என்று மெக்கானிக்கும் தேடியிருப்பார்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு இரண்டு குறிப்புகள். பறக்கும்போது மின்னழுத்தம் 14 வோல்ட் வரை ஏறும். எனவே விமானத்தில் ஒரு மின்னழுத்தச் சீராக்கி வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் இடம் மாறும். விமானங்களில் வழக்கமாகப் பயன்படும் டெஃப்செல் கம்பியின் உறை 150 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். இயந்திர அறைக்குள் உணரிக்குப் போகும் கம்பிக்கு அதைவிடச் சூடு தாங்கும் உறை வேண்டும். இல்லையேல், செய்தி சொல்ல வேண்டிய கம்பியே முதலில் எரிந்துவிடும்.

விளக்கு எரிந்த பிறகு

எச்சரிக்கை தீயை அணைக்காது. அணைக்க வேண்டியது விமானியின் கை. இயந்திர அறையில் பாயும் காற்றில் அணைப்பான் வாயு நிற்காமல் அடித்துச் செல்லப்படும். ஆகவே ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தின் உண்மையான தீயணைப்பான், எரிபொருளை அடைக்கும் திருகுதான். செஸ்னா 172 விமானத்தின் அவசரப் பட்டியலும் இதைத்தான் சொல்கிறது. எரிபொருள் கலவையை நிறுத்து, எரிபொருள் திருகை மூடு, முதன்மை மின்சுவிட்சை அணை, உள்ளே வெப்பக்காற்று வரும் வழியை அடை, இறங்கு. இயந்திரம் நின்றுவிடும் என்று தெரிந்தே விமானி இதைச் செய்ய வேண்டும். வானத்தில் தம் ஒரே இயந்திரத்தைத் தாமே கொல்ல, ஒரு விளக்கின் சொல்லை எவ்வளவு நம்ப வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தத் திருகு கைக்கெட்டும் இடத்தில் இருக்கவும் வேண்டும். 1997ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் தாம் புதிதாக வாங்கிய லாங்-ஈசி விமானத்தில் பறந்து, கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அது தீ விபத்து அன்று. ஆனால் விசாரணை சொன்ன காரணம் நமக்குப் பாடம். வடிவமைப்பின்படி எரிபொருள் திருகு விமானியின் கால்களுக்கிடையே இருக்க வேண்டும். அவ்விமானத்தைக் கட்டியவரோ அதை விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதை எட்டித் திருப்ப முயன்றபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. கட்டியவர் ஒருவர்; பறந்தவர் வேறொருவர். வீட்டில் கட்டும் விமானம் ஒருநாள் கை மாறும். அப்போது கட்டியவருக்கு மட்டுமே தெரிந்த ஏற்பாடுகளும் சேர்ந்தே கை மாறும்.

எனவேதான் என் திட்டப்பணி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறிய அட்டையை வரைந்து வைத்தேன். சிவப்பு என்றால் என்ன, மஞ்சள் என்றால் என்ன, சோதனைப் பொத்தான் எதைச் சோதிக்கிறது, திருகு எங்கே என்று நான்கே வரிகள். இப்போது எங்கள் பொத்தான் சுற்றின் கடைக்கோடியில் ஓர் உண்மைச் சுவிட்சு மூடியதைப் போலச் செய்கிறது. விளக்கு எரிந்தால், கம்பி முழுவதும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

நிறைவாக

செயல்விளக்க நாளன்று அப்பாவைப் பல்கலைக்கழகத்திற்கு அழைத்துச் சென்றேன். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். வெப்பக்காற்றை ஊதிக் காட்டினேன், சிவப்பு எரிந்தது. பிறகு கத்தரியை அவர் கையில் கொடுத்துக் கம்பியை வெட்டச் சொன்னேன். தயங்கினார், வெட்டினார். மஞ்சள் எரிந்தது. "தண்ணி ஊத்தினா?" என்று கேட்டார். கம்பியின் இணைப்பில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். மஞ்சள்தான். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்த அக்காகிட்ட இதைக் காட்டணும்" என்றார். கையில் தீக்காயம் பட்ட அந்த அக்கா ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்கு வருபவர். டேப் ஒட்டியதை அப்பா இதுவரை அவரிடம் சொன்னதில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தத் தீபாவளிக்குச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

நண்பர்களே, நம்மில் யாரும் விமானம் கட்டப்போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். நாளைக் காலை உங்கள் காடியின் சாவியைத் திருப்பும்போது ஒரு கணம் பொறுங்கள். இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணையும். அது அழகுக்காக அன்று. விளக்குகள் உயிரோடு இருக்கின்றனவா என்னும் சோதனை. எரியாதது எது என்று பாருங்கள். எரிந்து அணையாதது எது என்றும் பாருங்கள். காரணமில்லாமல் எரிகிறது என்று தோன்றினால் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். ஒரு மெக்கானிக் 'ஒன்றும் இல்லை' என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள். டேப்பை மட்டும் எடுக்காதீர்கள்.